ஒளிப்படம் கைவிடும் பாதி: இலத்திரன் ஹொலோகிராபியும் நனோ அளவிலான காந்தமும்

மாரிக் கடல் அடங்கிய பிறகு திருக்கோவில் பக்கக் கடற்கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில், கரிய மணல் பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கும். ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு அந்த மணலில் இழுத்தால், சிறு பங்கு மணிகள் துள்ளி வந்து பையில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மற்றவை அசையாமல் கிடக்கும். ஒட்டுபவற்றில் முதன்மையானது மக்னற்றைற் என்ற இரும்பு ஒட்சைட்டுக் கனிமம். கிடப்பவற்றில் பெரும்பாலானது இரும்பும் தைற்றேனியமும் கலந்த இல்மனைற். அறை வெப்பநிலையில் அது மிக வலிய காந்தத்துக்கே இணங்கும். உயர்தர வகுப்பில் காந்தவியலைத் தொடங்கும் நாளில் இந்த மணலை மேசையில் கொட்டுவது என் வழக்கம். அப்படிக் கொட்டிய ஒரு நாளில் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், ஒட்டின மணிக்குள்ள காந்தம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கு? அதை ஆரும் பார்த்திருக்கிறாங்களா?"

பார்த்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்த விடையை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

முதலில் அளவைக் கவனிக்க வேண்டும். கடற்கரை மணி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இலத்திரன் கற்றை ஊடுருவிச் செல்வதற்கு மாதிரியின் தடிப்பு ஏறக்குறைய 100 நனோமீற்றருக்குள் இருக்க வேண்டும். அதாவது அந்த மணியை ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிப்புள்ள ஏடாகச் சீவ வேண்டும். இக்காலத்தில் கலியம் அயன்களின் குவிந்த கற்றையால் அதைச் செய்கிறார்கள். இப்படிச் சீவிய மக்னற்றைற் ஏட்டை ஊடுகடத்தும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து வழமையான படம் ஒன்றை எடுத்தால், பளிங்கின் ஓரங்கள் தெரியும், குறைபாடுகள் தெரியும், நல்ல கருவியாக இருந்தால் அணு நிரைகளும் தெரியும். காந்தம் மட்டும் தெரியாது. அது ஏன் என்பதில்தான் இந்த விடயத்தின் உயிர் இருக்கிறது.

இலத்திரனும் அலைதான் என்று 1924 இல் டி புறொக்லி முன்வைத்தார். 2 இலட்சம் வோல்ற்றால் முடுக்கப்பட்ட இலத்திரனின் அலைநீளம் ஏறத்தாழ 2.5 பிக்கோமீற்றர், ஓர் அணுவின் பருமனோடு ஒப்பிட்டால் அது அற்பம். எந்த அலைக்கும் வீச்சம், அவத்தை என்று இரண்டு கூறுகள் உண்டு. படத்தகடானாலும் இலத்திரனியல் உணரியானாலும், பதிவு செய்வது வீச்சத்தின் வர்க்கமாகிய செறிவை மட்டுமே. அலை எவ்வளவு முந்தி வந்தது, எவ்வளவு பிந்தி வந்தது என்ற செய்தி, அதாவது அவத்தை, பதியும் அந்தக் கணத்திலேயே இல்லாமற் போய்விடுகிறது. மெல்லிய ஏடு ஒன்றிலுள்ள மின்புலமும் காந்தப்புலமும் தம்மைக் கடந்து செல்லும் இலத்திரனின் வீச்சத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதன் அவத்தையைத்தான் மாற்றுகின்றன. ஆகவே நமக்கு வேண்டிய செய்தி முழுவதும், ஒளிப்படம் கைவிட்டுவிடும் அந்தப் பாதியில் தங்கியிருக்கிறது.

அந்தப் பாதியை மீட்கும் வழியைக் கண்டவர் டெனிஸ் காபர். புடாபெஸ்ற்றில் பிறந்து, இங்கிலாந்தின் றக்பியில் மின்பொறி நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அவருக்குக் காந்தத்தைப் பார்க்க வேண்டும் என்ற நோக்கம் இருக்கவில்லை. அவருடைய கவலை வில்லையைப் பற்றியது. இலத்திரன்களைக் குவிக்கும் வட்டச் சமச்சீர் வில்லைகளில் கோளப் பிறழ்ச்சியை (ஓரத்தால் செல்லும் கதிர்களும் நடுவால் செல்பவையும் ஒரே புள்ளியில் குவியாத பிழையை) அறவே நீக்க முடியாது என்று 1936 இல் ஷேர்சர் கணிதமுறையில் நிறுவியிருந்தார். அலைநீளம் பிக்கோமீற்றர்களில் இருந்தும், காணக்கூடிய மிகச் சிறிய இடைவெளி அதைப்போல் நூறு மடங்களவில் நின்றுவிட்டதற்கு இதுவே முதற் காரணம். வில்லையைத் திருத்த முடியாவிட்டால் அலையையே முழுமையாகப் பதிவு செய்துகொள்வோம், பிறகு அதை ஒளியைக் கொண்டு மீளக் கட்டி வில்லையின் பிழையை அங்கே நீக்கிக்கொள்வோம் என்று 1948 இல் காபர் எழுதினார். இந்த முறையே ஹொலோகிராபி; அதில் பதியும் படம் ஹொலோகிராம். அலையைப் பதிவு செய்வதற்கு இன்னோர் அலை துணை வேண்டும். மாதிரியைக் கடந்து வரும் அலையும் எதனாலும் தீண்டப்படாத அலையும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது உண்டாகும் தலையீட்டு வரிகளில், முன்பு தொலைந்துபோன அவத்தை, வரிகளின் இடப்பெயர்ச்சியாக எழுதப்பட்டுவிடுகிறது. மட்டக்களப்பு வாவியில் இரண்டு தோணிகள் எழுப்பும் அலைகள் சந்திக்கும் இடத்தில் தோன்றும் கோடுகளைப் பார்த்து, ஒரு தோணி எந்த வழியாக வந்தது என்று கணக்கிட்டுவிடலாம் அல்லவா, அதைப் போல.

காபருக்கு 1971 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் எந்த நோக்கத்துக்காக இதைக் கண்டாரோ அந்த நோக்கம் வேறு வழியால் நிறைவேறிற்று: ஹைடர், றோஸ், ஊர்பான் ஆகியோரின் குழு பன்முனைக் காந்த வில்லைகளைச் சேர்த்துக் கோளப் பிறழ்ச்சியை நேரடியாகவே திருத்திக் காட்டியது 1998 இல். ஹொலோகிராபி தன் உண்மையான வேலையை வேறிடத்தில் கண்டுகொண்டது. அந்த வேலைதான் புலங்களை அளப்பது என்பது என் துணிபு. வில்லைத் திருத்தத்துக்காகப் பிறந்த ஒரு கருத்து, அந்தத் தேவை மறைந்த பிறகும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவத்தையைத் தரும் வழிகளில் இதைப்போல் நேரடியானது வேறில்லை என்பதே.

கருவிக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நுணுக்குக்காட்டியின் தூணுக்குள், மாதிரிக்குக் கீழே, கற்றையின் குறுக்காக மிக மெல்லிய இழை ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதன் தடிப்பு ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைவு. மின்னைக் கடத்துவதற்காக அதன்மேல் உலோகம் பூசப்பட்டிருக்கும். அந்த இழைக்கு நேர் அழுத்தம் கொடுத்தால், அதன் இரு பக்கத்தாலும் செல்லும் இலத்திரன்கள் உள்நோக்கி வளைந்து, கீழே ஒன்றையொன்று மேவி விழும். இதுவே இலத்திரன் இரட்டை அரியம். 1950 களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ரியூபிங்கனில் மொலன்ஸ்ரெற்றும் டியூக்கரும் செய்தது. மாதிரியின் ஓரத்தை இழையின் ஒரு பக்கத்துக்கும் வெற்றிடத்தை மறுபக்கத்துக்கும் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும். இதனால் ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது: ஏட்டின் நடுவிலுள்ள ஒன்றைப் பார்க்க விரும்பினாலும், அதன் அருகே வெற்றிடம் இல்லாவிட்டால் இந்த முறை உதவாது.

வரிகள் தெளிவாகத் தோன்றுவதற்குக் கற்றையின் இரு பாதிகளும் ஒரே ஒழுங்கில் வரவேண்டும். அத்தகைய கற்றையைத் தரும் கருவி வெகுகாலம் கிடைக்கவில்லை. கூரிய உலோக முனையிலிருந்து வலிய மின்புலத்தால் இலத்திரன்களை இழுத்தெடுக்கும் புல உமிழ்வு முறை வளர்ந்த பிறகே, 1970 களின் இறுதியில், ஜப்பானில் ஹிற்றாச்சி நிறுவனத்தின் ஆய்வாளர் அக்கிரா ரொனொமுரா இந்தத் துறையைக் கனவிலிருந்து அளவீடாக மாற்றினார்.

ரொனொமுராவின் வேலையில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். என் கருத்தில் இருபதாம் நூற்றாண்டின் மிக அழகான பரிசோதனைகளில் அது ஒன்று. காந்தப்புலம் சிறிதும் இல்லாத வெளியால் சென்றாலும், இரண்டு பாதைகளுக்கு நடுவே காந்தப் பாயம் (ஒரு பரப்பினூடாகச் செல்லும் காந்தப்புலத்தின் மொத்தம்) அடைபட்டிருந்தால் அந்த இரு அலைகளுக்கிடையே அவத்தை வித்தியாசம் உண்டாகும் என்று 1959 இல் அஹரோனொவும் போமும் எழுதினார்கள். இதே விளைவை 1949 இல் ஏரென்பேர்க்கும் சைடேயும் குறித்திருந்தும் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1960 இல், சேம்பர்ஸ் மெல்லிய இரும்பு இழைப் பளிங்கைக் கொண்டு செய்த பரிசோதனை ஆதரவாக அமைந்தது. ஆனால் இழையின் முனைகளிலிருந்து புலம் வெளியே கசிகிறது, இலத்திரன் அதைத்தான் உணர்ந்தது என்ற எதிர்வாதம் ஓயவில்லை. ரொனொமுராவின் குழு முனையே இல்லாத ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டது: சில மைக்கிரோமீற்றர் அகலமுள்ள வளையம், பேர்மலோய் என்ற நிக்கல்-இரும்புக் கலப்புலோகத்தால் ஆனது. அதை நையோபியத்தால் முற்றாக மூடினார்கள். நையோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீகடத்தியாகும்; மீகடத்தி காந்தப்புலத்தைத் தன்னூடாக வெளியே விடாது. குளிரூட்டிய வளையத்தின் துவாரத்தினூடாக ஓர் அலையும் வெளிப்புறத்தால் மற்றதும் செல்லுமாறு ஹொலோகிராமைப் பதிந்தபோது, வரிகள் சில வளையங்களில் இடம்பெயராமலும் மற்றவற்றில் சரியாக அரை வரி தள்ளியும் நின்றன. இடைப்பட்ட பெறுமானம் எதுவும் வரவில்லை. மீகடத்திக்குள் அடைபட்ட பாயம் h/2e (பிளாங்கின் மாறிலியை இலத்திரன் ஏற்றத்தின் இருமடங்கால் வகுத்த அளவு) என்ற சொட்டுச் சொட்டாகவே இருக்க முடியும் என்பதும், அத்தகைய சொட்டு ஒன்று இலத்திரன் அலைக்கு அரைச் சுற்று அவத்தையைத் தரும் என்பதும் அந்தப் படங்களில் ஒருங்கே தெரிந்தன. 1986 இல் வெளியான இந்த முடிவோடு, கசிவு என்ற வாதத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

நனோ அளவிலான காந்தப் பொருள்களைப் படமெடுப்பதற்கும் அடிப்படை இதுவே. இரு பாதைகளுக்கிடையே 4.14 × 10⁻¹⁵ வேபர் பாயம் இருந்தால் அவத்தை ஒரு முழுச் சுற்று மாறும். எனவே காந்தத்தால் வந்த அவத்தையின் படத்தில் சம அவத்தைக் கோடுகளை வரைந்தால், அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே எப்போதும் ஒரே அளவு பாயம் இருக்கும். கோடுகள் புலத்தின் திசையில் ஓடும். சட்டக் காந்தத்தின்மேல் கடதாசி வைத்து இரும்புத் தூள் தூவி நாம் பார்க்கும் கோடுகளை, ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறிய அளவில், எண்களோடு பெறுகிறோம்.

இவ்வளவும் எளிதாகத் தோன்றக்கூடும். உண்மையான சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. இதழ்களில் வரும் வண்ணப் படங்களில் அந்தச் சிக்கல் தெரிவதில்லை.

மக்னற்றைற் மணி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 50 நனோமீற்றர் விட்டமுள்ள கோளம், 0.6 தெஸ்லா அளவில் முற்றாகக் காந்தமாக்கப்பட்டது. அதன் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை காந்தத்தால் வரும் அவத்தை மாற்றத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஓர் ஆரையன் வருகிறது (ஒரு முழுச் சுற்று 6.28 ஆரையன்). ஆனால் அதே மணியின் அணுக்கருக்கள் இலத்திரனை ஈர்க்கின்றன. பளிங்குக்குள் சராசரியாக ஏறக்குறைய 17 வோல்ற்று மின்னழுத்தம் இருக்கிறது. உள்ளே நுழையும் இலத்திரன் சிறிது வேகம் பெற்று அதன் அலைநீளம் குறுகுகிறது. 2 இலட்சம் வோல்ற்றுக் கருவியில் இதனால் மணியின் நடுவில் வரும் அவத்தை 6 ஆரையனுக்கும் மேல். நாம் தேடும் காந்தம், நாம் தேடாத மின்னழுத்தத்தின் ஆறிலொரு பங்குதான். தடிப்பு சிறிது மாறினாலே காந்தம் போன்ற தோற்றம் வந்துவிடும்.

இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டபோது, அதே மாணவி சொன்னாள்: "காந்தத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிப்போட்டு இன்னொரு படம் எடுத்து, ரெண்டையும் கழிச்சாச் சரிதானே சேர்?" ஆய்வாளர்கள் செய்வதும் இதுவே. மின்னழுத்தத்தால் வரும் அவத்தை காந்தம் திரும்பினாலும் மாறாது. காந்தத்தால் வருவது குறி மாறும். இரண்டின் வித்தியாசத்தில் பாதி காந்தம். கூட்டுத்தொகையில் பாதி மின்னழுத்தம். மாதிரியையே தலைகீழாகத் திருப்பி வைத்துப் படமெடுப்பது ஒரு வழி. மாதிரியைச் சாய்த்து, பொருள்வில்லையின் காந்தப்புலத்தைச் சற்று நேரம் ஏற்றி, பின் அணைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்து படமெடுப்பது மற்றது. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வழமையான நுணுக்குக்காட்டியில் மாதிரி இருப்பதே பொருள்வில்லையின் ஏறத்தாழ 2 தெஸ்லாப் புலத்துக்குள், அதில் வைத்தால் மாதிரியின் சொந்தக் காந்த ஒழுங்கு அழிந்து எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். ஆகவே காந்தத்தைப் படமெடுக்கும்போது அந்த வில்லையை அணைத்துவிட்டு, மாதிரியிலிருந்து தள்ளியுள்ள லோரன்ற்ஸ் வில்லையால் படத்தை உருப்பெருக்குகிறார்கள். அணுக்களைக் காணும் கூர்மை போய்விடுகிறது. சில நனோமீற்றர் கூர்மையோடு நிறைவுகொள்ள வேண்டியிருக்கிறது.

கழித்தல் என்ற அந்தச் சிறிய செயலில்தான் ஆய்வாளரின் நேர்மை சோதிக்கப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். இரு படங்களும் புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டும். ஒரு நனோமீற்றர் விலகினாலும் மணியின் ஓரத்தில் பொய்யான புலம் முளைக்கும். காந்தம் உண்மையிலேயே முற்றாகத் திரும்பியதா என்பதும் தெரிய வேண்டும். சற்றுப் பெரிய மணிகளில் காந்தம் ஒரே திசையில் நில்லாமல் சுழியாகச் சுற்றும். அது திரும்பும்போது வேறொரு சுழியாக மாறியிருந்தால், கழித்து வருவது இரண்டு நிலைகளின் கலவை. இன்னும் ஒன்று: அவத்தை என்பது கற்றையின் பாதை நெடுகிலும் உள்ள புலங்களின் மொத்தம். மேலே இடப்பக்கமும் கீழே வலப்பக்கமும் நோக்கும் இரு புலங்கள் ஒன்றையொன்று அழித்து, காந்தமே இல்லை என்று காட்டக்கூடும். வண்ணம் தீட்டிய படத்தைப் பார்த்து இதுதான் பொருளுக்குள் உள்ள புலம் என்று சொல்வது அவசரம். அது புலத்தின் நிழல். அந்த நிழலை எந்த அமைப்பு தரமுடியும் என்று கணினி மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகே எதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்கும் பலன் உண்டு. மேலே சொன்ன அதே 1998 இல், டனின் போர்க்கோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் காந்தநாட்டப் பற்றீரியாக்களின் ஹொலோகிராம்களை வெளியிட்டார்கள். இந்த உயிர்களை 1975 இல் பிளேக்மோர் அமெரிக்கக் கரையோரச் சதுப்புச் சேற்றிலிருந்து விவரித்திருந்தார். அவை தமக்குள்ளே மக்னற்றைற் பளிங்குகளைச் சங்கிலியாக அடுக்கிக்கொண்டு, பூமியின் காந்தப்புலத்தோடு ஒருங்கி நீந்துகின்றன. ஹொலோகிராம் காட்டியது இது: சங்கிலி நெடுகிலும் எல்லாப் பளிங்குகளின் காந்தமும் ஒரே திசையில்; சங்கிலியிலுள்ள மிகச் சிறிய பளிங்குகள், தனித்து விடப்பட்டிருந்தால் வெப்ப அசைவால் திசை தடுமாறிக்கொண்டிருக்க வேண்டியவை, அருகிலுள்ள பெரிய பளிங்குகளின் புலத்தால் நிலைநிறுத்தப்பட்டிருந்தன. என் மாணவி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேரான விடை இந்தப் படம்தான். 2002 இல் ஹரிசன், டனின் போர்க்கோவ்ஸ்கி, புற்னிஸ் ஆகியோர் இயற்கைக் கனிமம் ஒன்றிலேயே இதைச் செய்தார்கள்: காந்தமற்ற மெல்லிய தகடுகளால் பிரிக்கப்பட்ட மக்னற்றைற் கட்டிகள், ஒன்றின் புலம் மற்றதைத் திருப்ப, கூட்டமாகத் திசை கொள்வதைக் காட்டினார்கள். கரிய மணலில் ஒட்டும் மணியொன்றைச் சீவிப் பார்த்தால் இத்தகைய கூட்டு ஒழுங்கை எதிர்பார்ப்பதற்கு நியாயம் உண்டு.

குறைகடத்திகளில் நோக்கம் தலைகீழாகிறது: அங்கே மின்னழுத்தமே தேடப்படுவது. 1999 இல் றாவும் உடன் ஆய்வாளர்களும் சிலிக்கன் திரான்சிற்றர்களுக்குள் மின்னழுத்தம் பரவியுள்ள விதத்தை இரு பரிமாணப் படமாகக் காட்டினார்கள். காந்தச் சுழிகளாகிய ஸ்கேர்மியோன்களை 2010 இல் முதன்முதலாக நேரே படமெடுத்தது, காந்தத்தால் இலத்திரன்கள் விலகுவதைக் கொண்டு படம் காட்டும் லோரன்ற்ஸ் நுணுக்குக்காட்டி. ஏறத்தாழ 90 நனோமீற்றர் இடைவெளியில் அவை ஒழுங்காக அணிவகுத்திருந்தன. பின்னர் ஹொலோகிராபி அவற்றுக்கு எண்களைச் சேர்த்தது.

மட்டக்களப்பிலிருந்து இதையெல்லாம் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் சொல்வேன். ஒன்று, நம் நிலத்தின் இருப்பிடம். காந்த மத்தியகோடு இலங்கைக்கு மிக அருகால் செல்கிறது. இங்கே தாங்கிய காந்த ஊசி கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். வடக்கிலுள்ள பற்றீரியாக்களுக்குக் காந்தப்புலம் சேற்றை நோக்கிக் கீழே செல்லும் வழியைக் காட்டுகிறது; மத்தியகோட்டின் அருகே புலத்துக்குக் கீழ்நோக்கிய கூறு இல்லை. பிரேசிலின் போர்த்தலேசாவில், காந்த மத்தியகோட்டின் பக்கத்தில், வடக்கு நாடுபவையும் தெற்கு நாடுபவையும் ஏறத்தாழச் சம அளவில் காணப்பட்டதாக 1981 இல் எழுதப்பட்டது. நம் வாவிச் சேற்றை ஒரு போத்தலில் எடுத்து, வாவித் தண்ணீரோடு சில நாள் அசையாமல் வைத்து, சேற்றுக்குச் சற்று மேலே இரு பக்கமும் சட்டக் காந்தத்தின் வெவ்வேறு முனைகளை ஒட்டிவைத்து, அங்கே திரளும் துளியைப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு இலத்திரன் எதுவும் வேண்டியதில்லை. எந்த முனையில் எவ்வளவு திரள்கிறது என்று எண்ணுவது உயர்தர மாணவர் செய்யக்கூடிய உண்மையான ஆய்வு.

மற்றது, ஹொலோகிராம் கருவியில் முடிவதில்லை. அங்கே கிடைப்பது வரிகள் நிறைந்த ஒரு படம் மாத்திரமே. அவத்தை வெளிவருவது கணினியில். ஹைப்பர்ஸ்பை என்ற கட்டற்ற மென்பொருளின் நீட்சியாகிய ஹொலோஸ்பையில், இரும்பு ஊசி ஒன்றின் ஹொலோகிராமும், ஊசியை அகற்றிவிட்டு எடுத்த ஒப்பீட்டு ஹொலோகிராமும் மாதிரித் தரவாகவே கிடைக்கின்றன. அதை இறக்கி, பல்கலைக்கழகத்துக்காக வந்தாறுமூலையில் தங்கிப் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவனோடு அவனுடைய மடிக்கணினியில் செய்து பார்த்தோம். படத்தை அதிலுள்ள அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றத்தை எடுத்ததும் நடுவில் ஒரு பிரகாசமான பொட்டும், அதன் இரு பக்கமும் சமச்சீராக இரண்டு பொட்டுகளும் தோன்றின. பக்கத்துப் பொட்டு ஒன்றைச் சுற்றி வட்டமிட்டு வெட்டி, நடுவுக்கு நகர்த்தி, மீளுருமாற்றினால் முழு அலையும், அவத்தையோடு, திரையில் வந்துவிடுகிறது. ஒப்பீட்டு அலையால் அதைப் பிரித்தவுடன், இழையும் வில்லைகளும் உண்டாக்கிய வளைவுகள் விலகி ஊசியின் அவத்தை மட்டும் மிஞ்சியது.

அந்த வட்டத்தை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பதில் எங்களுக்கிடையே நீண்ட வாதம் நடந்தது. பெரிதாக வெட்டினால் கூர்மை கூடும், இரைச்சலும் கூடவே வரும். சிறிதாக வெட்டினால் படம் மழமழப்பாகும், ஊசி முனையின் அருகே புலம் விரியும் நுட்பம் மறையும். நடுப்பொட்டின் வால் வட்டத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதற்காக நான் சிறிய வட்டத்தின் பக்கம் நின்றேன். வரிகளின் இடைவெளியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்குக் கீழே உள்ள எதையும் நம்பக்கூடாது என்பது வழக்கமான அளவுகோல், அதற்கு மேற்பட்ட எல்லாவற்றையும் நாம் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் பெரிய வட்டத்துக்கு வாதாடினான். இரு வட்டங்களுக்கும் முனையருகே வரும் அவத்தைச் சரிவை எண்களாக எடுத்து ஒப்பிட்டு, எந்த வட்டத்திலிருந்து விடை மாறாமல் நிற்கத் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் இப்போது அவன் செய்துகொண்டிருக்கும் வேலை.